கோடை விடுமுறையும் நம் பிள்ளைகளின் குரலும்





இவ்வாரத் தியானத்திற்கு 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணி நாம் விரைந்து கடந்துபோகும் அதிகாரம் அது. ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குமாரரைத் தாவீது ராஜா ஆலயத்தின் பாடற்பணிக்கு ஏற்படுத்துகிறார். தேர்ச்சி பெற்ற பாடகரின் தொகை 288 என்று ஏழாம் வசனம் கணக்குச் சொல்கிறது. அடுத்த வசனமோ அதைவிடக் கவனிக்கத்தக்கது. பணிமுறைக்குச் சீட்டுப் போட்டபோது, கற்பிக்கிறவன் என்றும் கற்கிறவன் என்றும் பேதம் பார்க்கப்படவில்லை. அப்படியானால் ஆலயத்தின் பாடற்பணிக்குள்ளேயே ஆசிரியரும் மாணாக்கரும் இருந்திருக்கிறார்கள். பாடுதல் என்பது கற்பிக்கப்படவும் கற்றுக்கொள்ளப்படவும் வேண்டிய ஊழியமாயிருந்தது.

எண்ணாகமத்திலும் இதற்கு ஒரு குறிப்பு உண்டு. லேவியர் பணிக்கு வரும் வயது நான்காம் அதிகாரத்தில் முப்பது என்றும், எட்டாம் அதிகாரத்தில் இருபத்தைந்து என்றும் காண்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளைப் பழைய யூத போதகர்கள் பயிற்சிக் காலம் என்று விளக்கினார்கள். தேவனுடைய வீட்டில் குரல் எழுப்புவதற்கு முன் ஐந்து ஆண்டுகள் கற்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். நாமோ ஞாயிறு காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகளின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, ஒன்பது மணி ஆராதனையில் பாடச் சொல்கிறோம்.

பள்ளித் தேர்வுகள் முடியப்போகின்றன. கோடை விடுமுறை வாசலில் நிற்கிறது. சமவெளியின் வெயிலுக்கு அஞ்சியவர்கள் கூடலூர் வழியாகவும் குன்னூர் வழியாகவும் உதகைக்கு ஏறி வரும் காலம் இது. அவர்களுக்கு மலை என்பது மலர்க் கண்காட்சியும் படகுச் சவாரியும். இந்த மலையிலேயே பிறந்து இங்கேயே வளரும் நம் பிள்ளைகளுக்குக் கோடையில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்பதே இன்று என் கேள்வி.

மேல்நாடுகளில் கோடைக்கும் மலைக்கும் பாட்டுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. ஓபரா என்னும் இசைநாடக அரங்குகள் பெருநகரங்களில் பெரும்பாலும் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை இயங்குபவை. கோடையில் அவை ஓய்வு கொள்ளும்போது ஆசிரியர்களும் இளம்பாடகர்களும் குளிர்ந்த மலைகளை நாடிச் செல்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில், நம் உதகையைவிடச் சற்றே மேலாக, ஆஸ்பென் என்றோர் ஊர் இருக்கிறது. 1949ஆம் ஆண்டு அங்கே ஜெர்மானியக் கவிஞர் கதேயின் இருநூறாம் ஆண்டு விழா நடந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவ ஊழியம் செய்தவரும், பாக்கின் இசையை ஆர்கனில் வாசிப்பதில் பேர்பெற்றவருமான ஆல்பர்ட் சுவைட்சர் அவ்விழாவில் பேசுவதற்காகவே அமெரிக்கா சென்றார். தம் வாழ்நாளில் அவர் அந்நாட்டில் கால் வைத்தது அந்த ஒருமுறைதான். அவ்விழாவிலிருந்து பிறந்த கோடை இசைப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகருக்கு வெளியே, 2,100 மீட்டர் உயரத்தில், 1957இல் தொடங்கிய ஓபரா அரங்கு இளம்பாடகரைப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் பேர் விண்ணப்பிக்க, நாற்பது பேர் அளவில் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்கள் குழுப்பாடகராகப் பாடுகிறார்கள், சிறு வேடங்களை ஏற்கிறார்கள், முதன்மைப் பாடகரின் பாகங்களையும் மனனம் செய்து ஆயத்தமாயிருக்கிறார்கள். கற்கிறவனும் கற்பிக்கிறவனும் ஒரே பணியில் நிற்கும் அந்த 25ஆம் அதிகாரத்தின் ஒழுங்கையே அங்கே காண்கிறோம்.

இவற்றுள் கூடலூர்க்காரரான நம் நெஞ்சைத் தொடவேண்டியது சென்ட்ரல் சிட்டி என்னும் சிற்றூரின் வரலாறு. அதுவும் கொலராடோ மலையில், ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. பொன் தோண்டுவதற்காகவே உண்டான ஊர் அது. வேல்ஸ், கார்ன்வால் பகுதிகளிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் 1878இல் அங்கே கல்லினால் ஓர் ஓபரா அரங்கைக் கட்டினார்கள். அவர்கள் சீமான்கள் அல்லர். பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள். தங்கள் நாட்டுச் சிற்றாலயங்களில் நான்கு குரலில் ஞானப்பாட்டுப் பாடிப் பழகிய மரபில் வந்தவர்கள். பொன் தீர்ந்தது, ஊர் தேய்ந்தது, அரங்கும் மூடிக்கிடந்தது. ஆனால் 1932இல் அதை மீண்டும் திறந்தார்கள். இன்றும் கோடைதோறும் அந்தச் சுவர்களுக்குள் இளம்பாடகர்கள் பயிற்சி பெறுகிறார்கள்.

அதே ஆண்டுகளில் நம் மண்ணில் என்ன நடந்தது? 1879 முதல் 1882 வரை தேவாலாவிலும் பந்தலூரிலும் பொன் வேட்டை நடந்தது. லண்டனில் கம்பெனிகள் பல தோன்றிப் பங்குகள் விற்றன. இயந்திரங்கள் மலையேறி வந்தன. எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. எல்லாம் சில ஆண்டுகளில் சரிந்தது. தேவாலாப் பகுதியில் அந்தச் சுரங்கக் குழிகள் இன்றும் தேயிலைக்கு நடுவே வாய் திறந்து கிடக்கின்றன. ஒரே காலத்தில் பொன்னுக்காகத் தோண்டப்பட்ட இரண்டு மலைகள்! ஒன்றில் பாட்டுக்கு ஒரு வீடு மிஞ்சிற்று. மற்றொன்றில் குழிகள் மிஞ்சின. அங்கே பொன்னைவிட நெடுங்காலம் நிலைத்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது மேல்நாட்டாருக்கே உரிய கதை என்று யாரும் சொல்லிவிடலாகாது. நம் நாட்டிலேயே காசி மலைகள் இருக்கின்றன. 1841இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சியில் வந்திறங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களோடு வேல்ஸ் நாட்டுப் பாடும் வழக்கமும் அம்மலைகளில் வேர்கொண்டது. அந்த மலையில் பிறந்த நீல் நோங்கின்ரி லண்டனில் பியானோ பயின்றவர். மேல்நாட்டிலேயே வாழ்ந்திருக்கக்கூடியவர் ஷில்லாங்குக்குத் திரும்பி, 2001இல் ஷில்லாங் சேம்பர் கொயர் என்னும் பாடகர் குழுவைத் தொடங்கினார். மலைப்பிள்ளைகளைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பழக்கினார். 2010இல் சீனாவில் நடந்த உலகப் பாடகர் குழுப் போட்டியில் அக்குழு தங்கப் பரிசுகளைப் பெற்றது. காசி மக்களின் பழங்கதை ஒன்றைக் காசி மொழியிலேயே ஓபராவாக இயற்றினார் அவர். அதன் பெயர் சோலிங்ஙெம். 2022 ஜனவரியில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பழக்கிய குரல்கள் இன்றும் பாடுகின்றன. பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற சொப்ரானோ பாடகி பாட்ரீசியா ரொசாரியோவும் 2009 முதல் இந்திய நகரங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, இளம் இந்தியருக்குக் குரற்பயிற்சி அளித்துவருகிறார். கற்றவர் திரும்பி வந்தால் ஒரு தலைமுறை பாடும் என்பதற்கு இவ்விருவரும் சாட்சிகள்.

"ஐயரே, ஓபரா நமக்கு அந்நியமல்லவா?" என்று கேட்பீர்கள். சொல் அந்நியம், பொருள் அந்நியமன்று. கதையைப் பாடியே நடத்துவது தமிழனுக்குப் புதிதா? அருணாசலக் கவிராயர் இராமகதையைக் கீர்த்தனை நாடகமாகப் பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் இரட்சிப்பின் செய்தியையே பெத்லகேம் குறவஞ்சியாக்கினார். குறவஞ்சியின் நாயகர்களில் முதன்மையானவள் யார்? மலையிலிருந்து இறங்கி வரும் குறத்தி! தன் மலையின் வளத்தைப் பாடி, அதன்பின் நற்செய்தி சொல்லுகிறவள் அவள். மலைமகளின் வாயில் சுவிசேஷத்தை வைத்த சாஸ்திரியாரின் நூலை நம் மலைப்பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கச் சகோதரர்கள் பரிசுத்தவான்களின் சரித்திரங்களை விடிய விடியப் பாடும் கூத்துக்களாக நூற்றாண்டுகளாகக் காத்துவந்தார்கள். 1965இல் மரியசேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் அந்த மரபைப் போர்க்காலத்திலும் அணையவிடவில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றைத் தேயிலைத் தொழிலாளரே கற்று, திறந்த வெளியில் பாடினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பி, டேன்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் ஆலய இருக்கைகளில் பலவற்றை நிரப்புகிறார்கள். அவர்கள் வழிபட்ட தெய்வம் வேறாயிருந்தாலும், அந்த மூச்சும் குரலும் தேவன் தந்தவையே. இந்த மலையின் ஆதிக்குடிகளான பணியர் துடியோடும் குழலோடும் பாடுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். குரல் இல்லாத ஊர் அல்ல இது. குரலைப் பேணாத ஊர்.

பேணாமைக்குக் காரணங்களில் ஒன்று நம் ஒலிபெருக்கி. ஓபரா பாடகர் ஒலிவாங்கி இல்லாமல், அறுபது எழுபது வாத்தியங்களுக்கு மேலாகக் கடைசி வரிசை வரை கேட்கப் பாடுகிறார். கூச்சலிட்டா? இல்லை. சுவீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோகான் சுண்ட்பெரி இதை ஆராய்ந்து காட்டினார். வாத்தியக் குழுவின் ஒலிவலிமை விநாடிக்கு 500 அதிர்வுகள் அளவில் மிகுந்து, அதற்கு மேலே போகப்போகக் குறைந்துவிடுகிறது. பயின்ற குரலோ தொண்டையின் உள்வெளியைச் சீர்ப்படுத்தி, ஏறக்குறைய 3,000 அதிர்வுகள் உள்ள இடத்தில் ஒலியைத் திரட்டுகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே. ஆகவே வலிமையால் அல்ல, ஒழுங்கினால் அந்தக் குரல் எட்டுகிறது. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தங்கள் தொடக்க நாட்களில் ஒலிபெருக்கியின் துணையின்றித்தான் நாடகக் கொட்டகைகளை நிறைத்தார்கள்.

நம் ஆலயத்தில் நடப்பது இதற்கு எதிரானது. நாற்பது பேர் கூடும் சிற்றாலயத்திலும் நான்கு ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. பாடுகிற பிள்ளை மூச்சை விழுங்கி முணுமுணுக்கிறது. இயந்திரம் அதைப் பெரிதாக்குகிறது. பின்னணி இசையையும் தொலைபேசியிலிருந்து ஓடவிடுகிறோம். கடைசியில் சபையார் வாய் மூடுகிறார்கள். இவ்வளவு சத்தத்துக்கு மேல் தங்கள் குரல் எதற்கு என்று எண்ணிக்கொள்கிறார்கள். சபை முழுவதும் பாடவேண்டும் என்பதற்காகவே சீர்திருத்தக் காலத்தில் நம் முன்னோர் பாட்டை மக்களின் மொழியில் தந்தார்கள். அதை நாம் மின்கம்பியின் வழியாகத் திரும்பப் பறித்துக்கொண்டிருக்கிறோம். ஒலிபெருக்கி பாவமன்று. ஆனால் பயிற்சிக்குப் பதிலாக அதை வைப்பது சோம்பல்.

இன்னொரு மறுப்பும் வரும். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார், குரலையா பார்க்கிறார் என்பார்கள். 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் ஏழாம் வசனத்தை நினைத்தே அப்படிச் சொல்கிறார்கள். நானும் அதை விசுவாசிக்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தைப் பதினெட்டாம் வசனம் வரை வாசியுங்கள். சவுலின் ஊழியக்காரன் தாவீதைப் பற்றிச் சொல்லும் முதற்சொல் அவன் வாசிப்பதில் தேர்ந்தவன் என்பதே. இருதயத்தைக் கண்டு அபிஷேகம் செய்த தேவன், கையின் பயிற்சியைக் கொண்டே அவனை அரண்மனைக்குள் அனுப்பினார். இருதயமும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பொருளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். மேல்நாட்டுக் கோடைப் பள்ளிகளில் இருவகை உண்டு. சாந்தா ஃபே போன்றவை பயிலும் பாடகருக்கு ஊதியம் தருகின்றன. வேறு பலவோ சில வாரப் பயிற்சிக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் கேட்கின்றன. குரல் இருந்தும் பணம் இல்லாதவன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். நம் மலையிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. நூறாண்டு கடந்த உறைவிடப் பள்ளிகள் இங்கே உண்டு. பிற ஊர்களிலிருந்து வந்து தங்கும் பிள்ளைகளுக்கு அங்கே பியானோவும் பாடகர் குழுவும் கிடைக்கின்றன. அது நல்லதே. ஆனால் அதே மலையில், லைன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு "ச" எது, "ப" எது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. மலை ஏறி வந்தவர் கற்கிறார். மலையில் இருப்பவர் கற்பதில்லை.

இதன் விளைவை நெகேமியா 13:10இல் காண்கிறேன். தங்களுக்குரிய பங்கு கொடுக்கப்படாததால் லேவியரும் பாடகரும் பணியை விட்டுத் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா ஓடினவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆலயம் கைவிடப்பட்டது ஏன் என்று தலைவர்களைக் கேட்டார். நம் இளைஞர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். தோட்ட வேலை சுருங்கிய பின் வேறு வழி என்ன? அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் போகுமுன் பதினெட்டு ஆண்டுகள் நம்மிடம் இருந்தார்களே! எடுத்துக்கொண்டு போவதற்கு நாம் அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? நான்கு குரலில் ஒன்றைப் பிசகாமல் பாடத் தெரிந்தவன் எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஞாயிறே ஒரு பாடகர் குழுவில் இடம் பெறுவான். அந்நிய நகரத்தில் தனித்திருக்கும் இளைஞனுக்கு அதுவே உறவு, அதுவே காவல். கருத்தாய்ச் சொல்கிறேன்: பாட்டுப் பயிற்சி அழகுக்காக மட்டுமன்று, பிள்ளைகளைச் சபையோடு கட்டிவைக்கும் கயிறு அது.

ஆகவே சபையாருக்கு என் விண்ணப்பம் இது. விடுமுறை வேதாகமப் பள்ளியைப் போலவே, வரும் மே மாதத்தில் பத்து நாட்களைக் குரற்பயிற்சிக்கென்று ஒதுக்குவோம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூரை மூடிவிடும். மே மாதமே நமக்கு வாய்ப்பு. பயிற்சி காலையில் தொடங்கி மாலை நான்குக்குள் முடியட்டும். அந்தி சாய்ந்தால் யானை நடமாடும் பாதைகளில் எந்தப் பிள்ளையும் நடக்கக்கூடாது. கட்டணம் வேண்டாம். ஆனால் கற்பிக்க வருபவருக்கு உரிய ஊதியத்தைக் குறையாமல் கொடுப்போம். "ஊழியந்தானே" என்று சொல்லி ஆசிரியரின் பையைக் காலியாக அனுப்புவது நெகேமியாவின் நாட்களில் நடந்த அதே குற்றம். மற்றச் சபைகளின் பிள்ளைகளும், சபை எதையும் சாராத பிள்ளைகளும் வரட்டும்.

என்ன கற்பிப்பது? முதலில் மூச்சு. நிமிர்ந்து நின்று, தோளை உயர்த்தாமல், விலா விரிய மூச்சை இழுத்து மெல்ல விடுதல். அடுத்தது சொல்ஃபா. ஜான் கர்வன் என்னும் ஆங்கிலப் போதகர், வாத்தியம் வாங்க இயலாத ஏழைப் பிள்ளைகளும் குறிப்பைப் பார்த்துப் பாடவேண்டும் என்று அம்முறையைப் பரப்பினார். நம் தாத்தாக்கள் அறிந்திருந்த அதை நாம் மறந்துவிட்டோம். மூன்றாவது, கீர்த்தனைகளை அவற்றிற்குரிய இராகத்திலும் தாளத்திலும் பாடுதல். கூத்துப் பாடத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவரையும் ஒருநாள் ஆசிரியராக அமர்த்துவோம். பத்து நாளும் ஒலிவாங்கி வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குரல் உடைகிற வயதில் இருக்கும் ஆண்பிள்ளைகளை உச்சத்தில் பாடும்படி வற்புறுத்தலாகாது. பெரிய ஓபரா பாகங்களுக்கேற்ற குரல் இருபத்தைந்து வயதுக்கு மேலேதான் முதிர்கிறது. ஆதலால்தான் மேல்நாட்டுப் பள்ளிகளும் வயதுக்கேற்ற பாகங்களையே கொடுக்கின்றன. பத்து நாளில் யாரும் பாடகராகிவிட மாட்டார்கள். விதை ஊன்றப்படும், அவ்வளவே. ஆண்டுதோறும் ஊன்றினால் பத்து ஆண்டில் தோட்டமாகும். நட்ட மறுநாளே கொழுந்து கிள்ளுகிறவர் இம்மலையில் ஒருவருமில்லை. பொறுமையை உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை.

நிறைவாக ஒன்று. சங்கீதம் 120 முதல் 134 வரையிலான பதினைந்துக்கும் நம் வேதாகமம் இட்டிருக்கும் தலைப்பு ஆரோகண சங்கீதம். எருசலேமின் மலைக்கு ஏறிச்செல்லுகையில் பாடப்பட்டவை அவை என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். நம் மொழியில் ஆரோகணம் என்பது ஸ்வரங்கள் படிப்படியாக மேலேறுவதற்கும் பெயர். மலையேற்றமும் குரலேற்றமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய பாக்கியம் தமிழ்ச் சபைக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் வழி ஒன்றே: மூச்சைக் காத்து, ஒவ்வொரு படியாக வைத்து, கூட வருகிறவர்களை விட்டுவிடாமல் ஏறுவது.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் இதைக் குறித்துப் பேச விரும்புகிற பெற்றோரும் வாலிபரும் ஆலயத்தில் சற்றுத் தங்கியிருங்கள். பாடத் தெரியாது என்று எண்ணுகிறவர்களும் தங்கியிருங்கள். அவர்களுக்காகவே இந்தப் பயிற்சி.

தேவனாகிய கர்த்தர் நம் பிள்ளைகளின் சுவாசத்தையும் நாவையும் ஆசீர்வதித்து, இம்மலைகளைத் தமது துதியினால் நிரப்புவாராக. ஆமென்.